ஐவி கனடா போகவில்லை

என் அப்பாவுக்கு ஐவி என்று ஒரு தங்கை இருந்தாள். சின்ன வயதிலேயே கனடாவுக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் சொல்லப்பட்டது இவ்வளவுதான். அத்தையிடமிருந்து கடிதம் ஏன் வருவதில்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, "அங்க குளிரு ஜாஸ்தி" என்றார் அப்பா. ஏழு வயதில் அது எனக்குப் போதுமான பதிலாக இருந்தது. நாற்பத்தேழு வயது வரை அதுவே போதுமானதாக இருந்துவிட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1985 வசந்தத்தில் எங்கள் மார்ல்தார்ப் கிராமத்துக்கு ஒரு புத்தகம் போடலாம் என்று பெண்கள் சங்கத்தில் முடிவானது. பழைய புகைப்படங்கள், யார் வீட்டில் யார் இருந்தார்கள், எந்த ஆண்டு வெள்ளம் வந்தது, அந்த மாதிரி. நான் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆகாதவள், மதியத்துக்கு மேல் சும்மா இருப்பவள் என்று படங்களைச் சேகரிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். புதன்கிழமைகளில் ஊர் மன்றத்தில் மேஜை போட்டு உட்காருவேன். வருபவர்களுக்குத் தேநீர், இரண்டு பிஸ்கட். படத்தில் இருப்பவர்களின் பெயரை அவர்கள் சொல்லச் சொல்லப் பென்சிலால் பின்னால் எழுதுவேன்.

மூன்றாவது புதன்கிழமை மிஸஸ் பண்டிங் வந்தாள். எழுபத்து மூன்று வயது. ஊரில் யார் வீட்டுத் துணி எந்தக் கிழமை காய்கிறது என்பதுவரை தெரிந்தவள். அவள் கொண்டுவந்தது 1931 அறுவடை விருந்தின் படம். ஹவ்லட் பண்ணையின் களஞ்சியம், நீள மேஜைகள், தொப்பியோடு ஆண்கள். ஓரத்தில் ஒரு பெண் கையில் பெரிய ஜாடியோடு நின்று, படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு பண்டிங்கம்மா?"

"ஏண்டி, தெரியாத மாதிரி கேக்குற? உங்க அத்தை ஐவி."

"ஓ, கனடா போனவங்களா?"

மிஸஸ் பண்டிங் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடியே என்னைப் பார்த்தாள். நான் விளையாடவில்லை என்று அவளுக்குப் புரிவதற்குள் பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது.

"கனடாவா? கனடாவுக்கு யாராவது ஆஸ்பத்திரி வண்டியில போவாங்களா? எங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து நான் பாத்தேன்டி. உங்கப்பாதான் அவ பெட்டியத் தூக்கிட்டு வந்து வண்டியில வச்சாரு. அவளுக்கு அப்ப ஆறு மாசம், வயிறு தெரிஞ்சுது. முதல்ல ஏழை விடுதி. குழந்தை பொறந்தப்புறம் மேடு."

ஏழை விடுதி, போக்கிடம் இல்லாதவர்களை அந்தக் காலத்தில் வைத்திருந்த இடம். மேடு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தெட்டு மைலுக்கு அப்பால் இருந்த மனநல ஆஸ்பத்திரி. சாப்பிடாமல் அடம் பிடித்தால் "மேட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று அம்மா என்னை மிரட்டுவாள். அப்படி அவள் சொல்லும்போதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். பிள்ளையை மிரட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லலியே என்கிட்ட," என்றேன்.

"யாரு சொல்லுவா? ஊருக்கே தெரிஞ்ச விஷயத்த யாரு தனியா சொல்லுவா?"

அன்று மாலை அப்பா தோட்டத்தில் லீக் வெங்காய நாற்று நட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்து நாலு. அம்மா போன பிறகு நானும் அவரும் மட்டும்தான் அந்த வீட்டில். படத்தை நீட்டினேன். மண் கையைத் துடைக்காமலே வாங்கி, உடனே திருப்பிக் கொடுத்தார்.

"செத்தவங்களக் கிளறாத, மேவிஸ்."

"செத்துட்டாங்களா?"

அவர் வரிசைக்காகக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்து அடுத்த குழியைப் போட்டார். நாற்றை இறக்கினார். தண்ணீர் ஊற்றினார்.

"அப்பா, செத்துட்டாங்களா?"

"தெரியாது," என்றார்.

நான் ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். பதினோராம் நாள் பதில் வந்தது. மிஸ் ஐவி திர்ட்டில், வயது எழுபத்தொன்று, நலமாக இருக்கிறார். அவரைப் பார்க்க 1936க்குப் பிறகு யாரும் வந்ததாகப் பதிவு இல்லை. எந்த ஞாயிறும் வரலாம்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். கீத் என்ற ஆண் நர்ஸ் என்னை அழைத்துப் போனார். இளைஞர், நல்ல மனிதர். "உங்க அத்தைதான் இங்க எல்லாருக்கும் செல்லம். நாப்பது வருஷம் சலவைக்கூடத்துல வேலை பாத்திருக்காங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூடத் தொந்தரவு குடுத்ததில்ல," என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

ஐவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முடியைக் கிண்ணம் வைத்து வெட்டியது போல் வெட்டியிருந்தார்கள். போட்டிருந்த கம்பளிச் சட்டையின் கழுத்துப்பட்டையில் வேறு யாரோ ஒருத்தியின் பெயர் தைத்திருந்தது. கைகள் மட்டும் பெரியவை, சிவந்தவை, எங்கள் அப்பாவின் கைகளேதான். புத்தி பேதலித்த ஒருத்தியைப் பார்க்கப் போகிறேன் என்று வழியெல்லாம் மனத்தைத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். இருந்தது எங்கள் ஊர்ப் பேச்சு மாறாத, கண்ணில் வெடுக்கென்று ஒரு பார்வை கொண்ட கிழவி.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

"ஹொரஸ் பொண்ணு. மேவிஸ்."

"மூக்கப் பாத்தப்பவே நெனச்சேன். பாவம் நீ." சிரித்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். "அவன் வரலியா?"

"இல்ல அத்தை. இன்னிக்கு முடியல."

"நவம்பர்னா பீட் கிழங்கு தோண்டணும், வர முடியாது. இது மே மாசம். வரலாம்."

கொண்டுபோயிருந்த கேக்கை வெட்டிக் கொடுத்தேன். அவள் பாதியைச் சாப்பிட்டுப் பாதியைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு, வந்த விஷயத்துக்கு வருவோம் என்பதுபோல் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"எட்வின் எப்படி இருக்கான்?"

"எட்வின்?"

"என் பையன். பிப்ரவரி ஒம்பதாம் தேதி அம்பத்திரண்டு முடிஞ்சுது. நல்ல குடும்பம் ஒண்ணு எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு மேட்ரன் சொன்னாங்க. நான் ஒழுங்கா நடந்துகிட்டா கூட்டிட்டு வந்து காட்டுவாங்களாம். அந்த மேட்ரன் போயி வேற மேட்ரன் வந்தாங்க, அவங்களும் போயிட்டாங்க. சொன்னது யாருக்கும் ஞாபகம் இல்ல போல. நீ படிச்சவ மாதிரி இருக்க. எங்க இருக்கான்னு கேட்டுச் சொல்லேன்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

போகும்போது கீத் இன்னொன்றும் சொன்னார். இரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்கள். இருப்பவர்களை நாலு நாலு பேராகச் சாதாரண வீடுகளில் வைக்கப்போகிறார்கள். ஐவிக்கு நகரத்தில் இடம் பார்த்தாயிற்று. வாசல்வரை வந்த ஐவி, "எனக்குன்னு தனி ரூம். கதவ உள்ளேர்ந்து பூட்டிக்கலாமாம். மஞ்சள் திரை கேட்டிருக்கேன்," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

எட்வினைத் தேட நான் அதிக தூரம் போகவில்லை. புத்தகத்துக்காக எங்கள் கோயிலின் பழைய பதிவேடுகளைப் பார்க்க பாதிரியார் அனுமதி கொடுத்திருந்தார். ஞானஸ்நானப் பதிவில் ஏதாவது இருக்குமா என்று தேடினேன். இல்லை. தற்செயலாக அடக்கப் பதிவேட்டைத் திறந்தேன். 1933, மே முதல் தேதி. எட்வின் திர்ட்டில். வசிப்பிடம்: ஏழை விடுதி. வயது: பதினோரு வாரம்.

அந்தப் பக்கத்தை மூடி, மறுபடி திறந்து பார்த்தேன். எழுத்து மாறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"மே ஒண்ணாம் தேதி, முப்பத்து மூணு," என்றேன்.

கத்தி நின்றது. "ஆப்பிள் பெட்டி," என்றார்.

"என்ன?"

"ஆப்பிள் பெட்டியப் பிரிச்சு அவனுக்கு நான்தான் செஞ்சேன். சைக்கிள் முன்னாடி கட்டிக் கொண்டுவந்தேன். பதினாலு மைல். வழியில ஒருத்தன் என்னடா விக்கிறேன்னு கேட்டான்."

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. ஐம்பது வருடமாக வாயைத் திறக்காத மனிதர், உருளைக்கிழங்கைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். தாத்தா கதிரடிக்கும் இயந்திரத்தில் மாட்டி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீடு ஹவ்லட் பண்ணைக்குச் சொந்தம். பண்ணையில் வேலை இருக்கும்வரைதான் வீடு. பாட்டி, பத்து வயதுக்குக் கீழே அப்பாவின் தம்பி தங்கைகள் மூன்று பேர். ஐவி ஹவ்லட்டின் பெரிய வீட்டில் பணிப்பெண். ஹவ்லட்டின் மகன் லெனர்டுதான் காரணம் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குழந்தை பிறந்ததும், ஐவியை மேட்டில் சேர்க்கச் சம்மதம் கேட்கும் ஒரு காகிதத்தோடு ஹவ்லட் வந்தார். பெண் திரும்பி ஊருக்கு வரக்கூடாது, வந்தால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றார். மந்தபுத்தி, தன்னைத்தானே காத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று ஒரு டாக்டர் சான்றிதழ் எழுதியிருந்தார்.

"டாக்டர் அவகிட்ட ஏதோ கணக்குக் கேட்டாராம். ராஜா பேரு கேட்டாராம். அவ அழுதுட்டே இருந்திருக்கா. பதில் சொல்லல. அவ்வளவுதான். எழுதிட்டாரு."

"நீங்க?"

"எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. வீட்டுல பெரிய ஆம்பள நான். எனக்கு இருபத்தொண்ணு." அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டேன்."

"குழந்தை செத்தத ஏம்பா சொல்லல அவங்ககிட்ட?"

"சொல்லாதன்னாங்க. சொன்னா அடங்கமாட்டாளாம். பையனப் பாக்கலாம்னு சொல்லி வச்சா ஒழுங்கா இருப்பாளாம். எங்கம்மா ரெண்டு தடவ போயிட்டு வந்தாங்க. ரெண்டு தடவையும் பையன் நல்லா இருக்கான்னு சொல்லிட்டு வந்து, இங்க வந்து அடுப்படியில உக்காந்து வாந்தி எடுத்தாங்க. நான் போகல. போயி அவ மூஞ்சியப் பாத்து என்ன சொல்றது? அடுத்த வருஷம் போலாம்னு நெனச்சேன். அப்புறம் அதுக்கு அடுத்த வருஷம்."

லெனர்டு ஹவ்லட் போரில் இறந்தான். போரில் இறந்தவர்களின் நினைவாக ஊர் நடுவில் இருக்கும் கல் சிலுவையில் அவன் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் அதன் அடியில் மலர் வளையம் வைப்பவர்களில் அப்பாவும் ஒருவர். நான் சிறுமியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கோபம் வந்தது, ஆனால் நிற்க இடமில்லாமல் அலைந்தது. அந்த மூன்று பிள்ளைகள் தெருவுக்கு வரவில்லை. ஒருவர் லாரி ஓட்டினார், ஒருத்தி பெரிய குடும்பமாக வாழ்ந்து போன வருடம்தான் இறந்தாள். அவர்கள் எல்லோரும் எனக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்தவர்கள். அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

"அத்தைய இங்க கூட்டிட்டு வந்து வச்சுக்கலாம்பா," என்றேன்.

"அவ இந்த வாசல்ல நுழைஞ்சா, நான் பின்வாசல்ல வெளிய போறேன்."

"ஒரு நாளாவது வரட்டும்."

ஜூலையில் ஒரு சனிக்கிழமை ஐவியை அழைத்து வந்தேன். அப்பா சொன்னபடியே செய்தார். காலை உணவுக்கு முன்பே தோட்ட நிலத்துக்குப் போய்விட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஐவி இரண்டு கையாலும் என் கையைப் பற்றிக்கொண்டாள். எதைப் பார்த்தும் ஆச்சரியப்படவில்லை. "கொல்லன் பட்டறை எங்க?" என்று மட்டும் கேட்டாள். அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். வீட்டில் மூன்று தட்டு வைத்திருந்தேன். பன்றிக்கறி, பட்டாணி, புதினாச் சாறு. அவள் வேகமாக, கையால் தட்டை மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள். முடித்த பிறகு மூன்றாவது தட்டைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

"எட்வினப் பத்திக் கேட்டியா?"

இதற்கு ஆறு வாரமாகப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நேரம் அமெரிக்கா என்று சொல்லலாம் என்று தோன்றும். ஒரு நேரம், இவளிடம் பொய் சொல்லாத ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று தோன்றும். நல்லவளாக இருக்கும் ஆசை எனக்கு இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க?" என்றாள்.

கோயிலுக்கு அழைத்துப் போனேன். வடக்குப் பக்கச் சுவரோரம், கல்லில்லாத குழிகள் இருக்கும் பகுதி. புல் வெட்டியிருந்தார்கள். எது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், அவர் வரவில்லை. ஐவி ஒரு இடத்தில் நின்றாள், பிறகு இரண்டடி தள்ளி நின்றாள், பிறகு நடந்துகொண்டே இருந்தாள். எந்த இடத்தில் மிதித்தாலும் அவன்மேல் மிதித்துவிடுவோமோ என்று பயந்தவள்போல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். அழவில்லை.

"பதினோரு வாரம்," என்றாள்.

"ஆமா அத்தை."

"அப்ப இத்தன வருஷம் நான் ஒழுங்கா இருந்தது யாருக்காக?"

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நான் முத்தமிட்டபோது கன்னத்தைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஒன்பது நாள் கழித்துப் பள்ளிக்கு ஒரு தொலைபேசி வந்தது. கீத். காலையில் ஐவி சலவைக்கூடத்துக்குப் போய், இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைத்திருக்கிறாள். பதினாலு கண்ணாடி. அவசரமில்லாமல், வரிசையாக. தடுக்க வந்த பெண்ணின் மணிக்கட்டை முறித்துவிட்டாள்.

"என்னால நம்பவே முடியல, மிஸ் திர்ட்டில். அவங்க அப்படிப்பட்டவங்களே இல்ல."

ஐவியைப் பூட்டிய வார்டுக்கு மாற்றினார்கள். ஊசி போட்டார்கள். நகரத்து வீட்டின் அறையை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். சமூகத்தில் வாழத் தகுதி இல்லை என்று ஒரு டாக்டர் எழுதினார். இந்த முறை கையெழுத்துக்கு யாரும் தேவைப்படவில்லை.

நான் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். முதலில் அவள் என்னைப் பார்க்கவே மறுத்தாள். செப்டம்பரில் ஒரு நாள் உள்ளே விட்டார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மருந்தினால் நாக்கு தடித்திருந்தது. நான் அவள் கையைத் தடவிக்கொண்டே எதையெதையோ பேசினேன். டாக்டரிடம் மறுபடி பேசியிருக்கிறேன், எழுதியிருக்கிறேன், திரும்பவும் பார்ப்பார்கள் என்று.

"நீ ஏன் சொன்ன?" என்றாள் சுவரைப் பார்த்து.

"பொய் சொல்ல மனசு வரல அத்தை."

"எல்லாரும் சொன்னாங்களே. உனக்கு மட்டும் என்ன?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அவன் பெரியவனாகி, கார் ஓட்டிட்டு எங்கயோ போயிட்டு இருந்தான். நீ வந்து அவனக் கொன்னுட்ட."

அதன் பிறகு என்னிடம் அவள் பேசியதில்லை. நான் போவதை நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், பஸ் நேரம் வந்ததும் எழுந்து வருவேன். அது அவளுக்காக இல்லை என்று எனக்கே தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு புத்தகம் வந்தது. அறுவடை விருந்துப் படத்தின் கீழே வரிசையாகப் பெயர்கள். ஐவியின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தேன். சங்கத்தில் படித்துப் பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஹவ்லட்டின் பேரன் குடும்பம் இன்னும் ஊரில் இருக்கிறது, பிள்ளைகள் நம் பள்ளியில்தானே படிக்கிறார்கள், இது சந்தோஷமான புத்தகம்தானே என்றார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த இரண்டு வரியை நானே அடித்தேன்.

ஜனவரி இறுதியில் ஐவி நிமோனியாவில் இறந்தாள். ஆஸ்பத்திரி நிலத்தில் புதைக்க வேண்டாம் என்று பாதிரியாரிடம் கேட்டு ஊருக்குக் கொண்டுவந்தேன். நிலம் உறைந்திருந்தது, குழி வெட்ட இரண்டு நாள் ஆனது. வந்தவர்கள் நாலு பேர்: பாதிரியார், நான், கீத், மிஸஸ் பண்டிங். பாதி ஜெபத்தில் கல்லறைத் தோட்டத்தின் கதவு கிரீச்சிட்டது. அப்பா கறுப்புக் கோட்டோடு உள்ளே வந்தார். எங்கள் பக்கம் வராமல், வடக்குச் சுவரோரம் நேராக நடந்து போய், ஒரு புதருக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து, பனி மூடிய தரையில் கையை வைத்தார்.

"இங்கதான்," என்று சத்தமாகச் சொன்னார். "இவ்வளவு தள்ளியா வெட்டினீங்க?"

அவளுக்கு வெட்டியிருந்த குழி அங்கிருந்து இருபது அடி தூரத்தில் இருந்தது. மாற்றச் சொல்ல நேரம் கடந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தேநீர் போட்டேன். அவர் குடிக்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?"

முதல் நாள் அவள் கதவைப் பார்த்தது எனக்கு நினைவிருந்தது. மே மாதம், வரலாம் என்று சொன்னது நினைவிருந்தது. அதைச் சொன்னால் இந்த மனிதர் எப்படி ஆவார் என்றும், சொல்லாவிட்டால் எப்படி ஆவார் என்றும் யோசித்துப் பார்த்தேன். உண்மை சொல்லி ஒருத்தியைக் கொன்றாயிற்று.

"இல்லப்பா," என்றேன். "ஒண்ணும் கேக்கல."

அவர் தலையாட்டினார். அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று புரிந்தது. அதற்கு மேல் மூன்று வருடம் இருந்தார். நான்தான் குளிப்பாட்டினேன், சோறு ஊட்டினேன், நகம் வெட்டினேன். ஐவியின் பெயரை இருவரும் சொல்லவில்லை.